லட்சம் கிலோ மீட்டர் ஓடிய கார்: வாங்கலாமா? கூடாதா?

விருதுநகர்க்காரர்கள் எந்தப் பொருளையும் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்ப்பார்கள். துவரம்பருப்பைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். எண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலும், பழைய கார் என்று வந்துவிட்டால் சிலருக்குக் கண் மறைந்துவிடுகிறது. பளபளப்பான பெயிண்டைப் பார்க்கிறார்கள். புது சீட் உறையைப் பார்க்கிறார்கள். "மலிவாக வருகிறதே!" என்று மயங்குகிறார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுவாரம் கார் பட்டறையில் நிற்கிறது. வீட்டுக்காரர் பட்டறை வாசலில் நிற்கிறார். வீட்டுக்கார அம்மாளின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது.

இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. ஊருக்கு ஊர் நடக்கிற கதை. பழைய கார் வாங்குவது தவறு அல்ல. பார்க்காமல் வாங்குவதும், கடன் பட்டு வாங்குவதுந்தான் தவறு.

இத்தாலியில் பிறந்த கார்

நம் நாட்டில் பழைய கார் ஆசை பிடித்தவர்கள் தேடுகிற வண்டிகளில் முதன்மையானது பியட்.

பியட், இத்தாலி நாட்டுக் கம்பெனி. 1899-ம் ஆண்டு டூரின் நகரத்தில் தொடங்கப்பட்டது. அதன் கார்களை இந்தியாவில் செய்து விற்றது, பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை. 1944-ம் ஆண்டு அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த்.

1950-களில் "பியட் 1100" நம் சாலைகளுக்கு வந்தது. பிறகு "டிலைட்" வந்தது. 1970-களில் "பிரசிடெண்ட்" ஆயிற்று. கடைசியில் "பிரீமியர் பத்மினி" என்று பெயர் பெற்றது. 2000-ம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றுபோயிற்று.

பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. 1,089 சி.சி. இன்ஜின். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெட்டி போன்ற உடம்பு. பார்த்தால் சாது.

ஆனால் அந்த இன்ஜின் பிறந்த குடும்பம் சாதுக் குடும்பம் அல்ல. அது பந்தயக் குடும்பம்!

பெராரி என்றால் உலகத்துக்கே தெரியும். சிவப்பு நிறப் பந்தயக் கார். அந்தக் கம்பெனியை உண்டாக்கிய என்சோ பெராரி, 1940-ம் ஆண்டு சொந்தமாகச் செய்த முதல் காரின் பெயர் 815. வேறு ஒரு கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அதற்குத் தம் பெயரைச் சூட்ட அவரால் முடியவில்லை. அந்தக் காருக்கு அவர் எங்கிருந்து சாமான் எடுத்தார் தெரியுமா? பியட் 1100 காரில் இருந்துதான்!

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இத்தாலியில் "சிசிடாலியா 202" என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதன் அழகைக் கண்டு உலகம் வியந்தது. நியூயார்க் நகரத்து நவீன கலைக் கூடம் அதில் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்து, சிற்பங்களோடு சிற்பமாக வைத்துக்கொண்டது. அந்தக் காருக்குள் ஓடியதும் பியட் 1100 இன்ஜினை ஒட்டிச் செய்த இன்ஜின்தான்.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் இருக்கிறது. அங்கே உள்ள பழைய விமானத் தளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடக்கும். கூட்டம் அலைமோதும். அங்கே சீறிப் பாய்ந்த கார்களில் பியட்டும் ஒன்று.

ஆகவே பழைய பியட்டின் மேல் ஒருவர் ஆசைப்பட்டால் அது அசட்டு ஆசை என்று சொல்லிவிட முடியாது. ஆசைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஆசைக்குக் காரணம் இருந்தால் மட்டும் போதாது. பையிலும் கணக்கு இருக்க வேண்டும்.

பிரதமர் பட்ட கடன்

பியட் வாங்கக் கடன் பட்டவர்களில் ஒரு பிரதம மந்திரியும் உண்டு.

1964-ம் ஆண்டு மே 27-ந் தேதி நேரு காலமானார். அடுத்த பிரதமர் யார் என்ற கேள்வி எழுந்தது. அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் விருதுநகரில் பிறந்த காமராஜர். எல்லோரையும் கலந்து பேசி, லால்பகதூர் சாஸ்திரியைப் பிரதமர் ஆக்கினார்.

பிரதமர் ஆன பிறகும் சாஸ்திரிக்குச் சொந்தக் கார் இல்லை. குடும்பத்தார் ஒரு கார் வேண்டும் என்றார்கள். பியட் காரின் விலை ரூ.12 ஆயிரம். சாஸ்திரியின் கையிருப்பு ரூ.7 ஆயிரம். மீதி ரூ.5 ஆயிரத்தை பஞ்சாப் நேஷனல் பாங்கில் கடன் வாங்கினார்.

1966-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்துபோனார். கடன் இறந்துபோகவில்லை. அதை அவருடைய மனைவி லலிதா, தமக்கு வந்த பென்ஷன் பணத்தில் இருந்து கட்டித் தீர்த்தார். இந்தச் செய்தியைச் சாஸ்திரியின் மகனே சொல்லியிருக்கிறார். அந்த வெளிர் நிறப் பியட், டெல்லியில் சாஸ்திரியின் நினைவு இல்லத்தில் இருக்கிறது.

சாஸ்திரியின் நேர்மையைப் பாராட்டவே இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பாராட்டுவது சரிதான். ஆனால் குடும்பஸ்தர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காரை வாங்குகிறவர் ஒருவர். கடனைக் கட்டுகிறவர் இன்னொருவராக இருக்கலாம். காரின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும். கடன் தானாகக் குறையாது.

சாஸ்திரி வாங்கியது புதிய கார். அதற்கே இந்தப் பாடு. முப்பது ஆண்டு ஓடிய காரைக் கடன் வாங்கி வாங்குகிறவரை என்ன சொல்வது?

இலவசமாக வந்த பெராரி

இன்னொரு கதையும் இருக்கிறது. இது கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை.

டெஸ்ட் ஆட்டங்களில் பிராட்மன் 29 சதம் அடித்தவர். டெண்டுல்கர் அந்த எண்ணிக்கையை 2002-ம் ஆண்டு எட்டினார். அதைப் பாராட்டி பியட் கம்பெனி அவருக்கு ஒரு பெராரி 360 மாடெனா காரைப் பரிசாக அளித்தது. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் இங்கிலாந்தில் அதை அவரிடம் கொடுத்தார்.

கார் இலவசம். ஆனால் அதை இந்தியாவுக்குக் கொண்டுவர இறக்குமதி வரி மட்டும் ரூ.1 கோடியே 13 லட்சம்! வரியைத் தள்ளுபடி செய்ய முடிவாயிற்று. "விளையாட்டு வீரருக்கு மட்டும் என்ன சலுகை?" என்று எதிர்ப்புக் கிளம்பியது. கோர்ட்டுக்கும் விஷயம் போயிற்று. கடைசியில் பியட் கம்பெனியே வரியைக் கட்டியது.

2011-ம் ஆண்டு டெண்டுல்கர் அந்தக் காரை விற்றுவிட்டார். சூரத் நகரத்து வியாபாரி ஒருவர் வாங்கினார்.

சும்மா வந்த காருக்கே ஒரு கோடி ரூபாய் செலவு காத்திருந்தது. விலை கொடுத்து வாங்கும் காருக்குச் செலவு காத்திருக்காதா? காரின் விலை என்பது முதல் செலவு. அது கடைசிச் செலவு அல்ல.

அந்த மாதிரிப் பெராரி காரில் இன்ஜினுக்குள் ஒரு பெல்ட் இருக்கிறது. கார் ஓடினாலும் சரி, ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் சரி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அறுந்து இன்ஜினே பாழாகும். "ஓட்டவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது" என்ற பேச்சு அந்த பெல்ட்டுக்குத் தெரியாது.

ஓடிய காரா? நின்ற காரா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வரலாம்.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள். "40 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது" என்றால் முகம் மலர்கிறது. "இரண்டு லட்சம் ஓடியது" என்றால் முகம் சுருங்குகிறது.

தரகருக்கும் வாங்குகிறவருக்கும் நடக்கும் பேச்சு எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, வண்டி எட்டு வருஷமா நிழல்லயே நிக்குது. ஓடவே இல்ல. மீட்டரைப் பாருங்க."

"ஏன் தம்பி ஓடல?"

"ஓட்ட ஆள் இல்ல அண்ணாச்சி. டாக்டர் வண்டி. பூ மாதிரி வச்சிருந்தாரு."

"ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம்."

"பேட்டரி மட்டும் வீக்கா இருக்கு. தள்ளினா எடுத்துரும்."

தள்ளினால் எடுக்கும். பிறகு வாங்கியவர் ஆயுள் முழுவதும் தள்ள வேண்டியதுதான்!

நின்ற கார் நல்ல கார் அல்ல. இதைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசி அச்சகங்களில் வெளிநாட்டில் ஓடிய பழைய ஆப்செட் மிஷின்களை வாங்கி ஓட்டுவது வழக்கம். ஜெர்மனியில் கோடிக்கணக்கான தாள்களை அடித்துத் தள்ளிய மிஷின் இங்கே வந்து காலண்டர் அடிக்கிறது. அந்த மிஷினை வாங்குகிறவர் "எத்தனை தாள் ஓடியது?" என்று மட்டும் கேட்பது இல்லை. "கடைசியாக எப்போது ஓடியது? யார் எண்ணெய் போட்டார்கள்? உருளை எப்போது மாற்றினார்கள்?" என்று கேட்பார். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை, ஓடும்போதே பார்த்து வாங்குவார்.

காருக்கும் அதே கணக்குத்தான்.

கார் ஓடாமல் நின்றால் என்ன ஆகும்? பெட்ரோல் டாங்கியில் துரு ஏறும். பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிக் கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் சிலிண்டர் இறுகிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கெட்டுவிடும். எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கும். இன்ஜினுக்குள் எண்ணெய் வடிந்து இறங்கி, இரும்பு இரும்போடு உரசும்.

தினமும் ஓடுகிற காருக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. தேய்ந்ததை அவ்வப்போது மாற்றியிருப்பார்கள். பம்பாய் டாக்சிகளே இதற்குச் சாட்சி. கறுப்பு மேல் மஞ்சள் கூரை வைத்த பத்மினி டாக்சிகள் இரவு பகலாக ஓடின. பம்பாயில் டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு. 2003-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி பதிவான கடைசி பத்மினி டாக்சி, 2023-ம் ஆண்டு அக்டோபர் மாத இறுதி வரை தெருவில் இருந்தது. அதை நிறுத்தியது சட்டம் விதித்த வயது வரம்பு.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வயது.

முதல் கார் 40 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியது. எட்டு ஆண்டாக நிற்கிறது. விலை ரூ.80 ஆயிரம்.

இரண்டாவது கார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடியது. இன்றும் ஓடுகிறது. செய்த வேலைக்கெல்லாம் பில் இருக்கிறது. விலை ரூ.1 லட்சத்து 20 ஆயிரம்.

முதல் காரை எடுத்து வந்தால், டயருக்கு ரூ.16 ஆயிரம். பிரேக் வேலைக்கு ரூ.10 ஆயிரம். டாங்கியும் கார்புரேட்டரும் சுத்தம் செய்ய ரூ.8 ஆயிரம். ரேடியேட்டருக்கு ரூ.7 ஆயிரம். பேட்டரிக்கு ரூ.5 ஆயிரம். ஒயரிங்குக்கு ரூ.12 ஆயிரம். மொத்தம் ரூ.58 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

ரூ.80 ஆயிரமும் ரூ.58 ஆயிரமும் சேர்ந்தால் ரூ.1 லட்சத்து 38 ஆயிரம். மலிவாக வந்த கார், விலை கூடிய காரைவிட ரூ.18 ஆயிரம் அதிகம் விழுங்கிவிட்டது! இன்ஜினை இன்னும் திறந்து பார்க்கவே இல்லை.

தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

மீட்டரை நம்பவும் முடியாது. பல பழைய கார்களில் ஐந்து இலக்க மீட்டர்தான் உண்டு. 99,999 வந்ததும் மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஓடும். மீட்டரில் 40 ஆயிரம் என்று இருந்தால், அது 1 லட்சத்து 40 ஆயிரமாக இருக்கலாம். 2 லட்சத்து 40 ஆயிரமாகவும் இருக்கலாம். மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்களும் உண்டு. மீட்டரைவிட பில் புத்தகம் நம்பிக்கையானது.

வாங்கும்முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், காரைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் அல்ல. தரகரே கொண்டு வரும் மெக்கானிக் வேண்டாம்.

இரண்டாவது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். போனதும் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும் ஆபத்து.

நான்காவது, கீழே குனிந்து பார்க்க வேண்டும். பியட்டுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பே அதற்கு எலும்பு. தரைத் தகடும், கதவுக்குக் கீழே உள்ள பகுதியும் துருப்பிடித்துவிட்டால் எலும்பு முறிந்த மாதிரிதான். மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஐந்தாவது, டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். உதாரணமாக 2315 என்று இருந்தால், 2015-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் கரிசல் காட்டு வெயிலில் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆறாவது, கார்ப் புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓர் எண் மாறினாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

பேர் மாற்றாவிட்டால் பெரும் தொல்லை

"பேர் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். இது விற்கிறவருக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து.

விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. காரை விற்றுக் காசு வாங்கி ஆண்டுகள் ஆகியிருந்தாலும், பெயர் மாறாவிட்டால் நஷ்ட ஈடு அவர் தலையில் விழும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரூ.10 ஆயிரமாக உயர்த்தியது. இறக்குமதியான காருக்கு ரூ.80 ஆயிரம். தமிழ்நாட்டில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்க்காமல் விலை பேசினால், அந்தச் செலவும் வாங்கியவர் கணக்கில்தான் சேரும்.

50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021-ம் ஆண்டு தனி விதி வந்தது. மாற்றம் செய்யாத பழங்காலக் கார் என்று அதைப் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போக முடியாது.

ஒரு பொறி போதும்

பட்டாசு ஊர்க்காரர்களுக்குத் தீயைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஓர் உராய்வு, ஒரு பொறி என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரத்துத் தாய்மார்கள் கண்ணீர் விட்டு அறிந்திருக்கிறார்கள்.

பழைய காரிலும் அந்தப் பொறி உண்டு. காய்ந்த ரப்பர் குழாயில் இருந்து பெட்ரோல் சொட்டும். அது சூடான இன்ஜின் மேல் விழும். பழைய ஒயரின் மேல் உறை உதிர்ந்து, செம்பு வெளியே தெரியும். இரண்டும் சேர்ந்தால் கார் நிமிஷத்தில் எரிந்துவிடும்.

இப்போது பம்புகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய பியட் செய்த காலத்தில் அப்படிப்பட்ட பெட்ரோல் கிடையாது. அந்தக் காலத்து ரப்பரை எத்தனால் கெடுக்கும். ஆகவே பழைய கார் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பெயிண்ட் அடிப்பது அல்ல. பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களாக மாற்ற வேண்டும். ஒயரிங்கைப் புதுப்பிக்க வேண்டும். சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

பெட்ரோல் வாடை வருகிற காரில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. "பழைய கார் என்றால் வாடை வரத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. வியாபாரிகள் சிலர் சாம்பிள் பட்டாசை டிக்கியில் போட்டுக்கொண்டு போவார்கள். பட்டாசு கொண்டுபோகத் தனி விதிகள் இருக்கின்றன. பழைய காரோ புதிய காரோ, அந்த வேலை வேண்டாம்.

போனஸ் பணமும் தை மாதமும்

இந்த வட்டாரத்தில் பணம் வருவதற்கு ஒரு காலம் உண்டு. தீபாவளிக்கு முன்பு கை நிறையப் பணம் புழங்கும். போனஸ் வரும். ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் வரும். கார் ஆசையும் அப்போதுதான் வரும்.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில காலம் மூடிக் கிடக்கும். வருமானம் ஒடுங்கும். கோர்ட்டு உத்தரவுகளால் தொழிலே தடுமாறுகிற ஆண்டுகளும் உண்டு. பழைய கார் இதையெல்லாம் பார்த்து ரிப்பேர் ஆவது இல்லை. ஐப்பசியில் வாங்கிய காருக்குத் தை மாதத்தில் கிளட்ச் போகும். தை மாதத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் கட்ட வேண்டியிருக்கும். எதை முதலில் கட்டுவது?

இதற்கு ஒரு வழி உண்டு. காருக்கு எவ்வளவு கொடுக்கிறாரோ, அதே அளவு பணத்தைத் தனியே எடுத்து வைக்க முடிகிறவர்தான் பழைய கார் வாங்க வேண்டும். கையில் ரூ.2 லட்சம் இருந்தால் ரூ.1 லட்சத்துக் காரைப் பார்க்க வேண்டும். ரூ.2 லட்சத்துக் காரைப் பார்க்கக்கூடாது. வட்டிக்கு வாங்கிப் பார்க்கவே கூடாது.

"அப்படியானால் ஏழை எளியவர்கள் கார் வாங்கவே கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒரே வண்டி, தினமும் வேலைக்குப் போக வேண்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றால், முப்பது வயதுப் பியட் அதற்கு ஏற்றது அல்ல. இன்னும் உற்பத்தியில் உள்ள, உள்ளூர்க் கடையிலேயே சாமான் கிடைக்கிற, சில ஆண்டுகளே ஓடிய சிறிய கார்தான் ஏற்றது. பியட்டுக்கு ஒரு சாமான் வேண்டுமானால் சென்னை புதுப்பேட்டை வரை தேட வேண்டியிருக்கும். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் புதுப்பேட்டை திறந்திருக்காது.

பாதுகாப்பையும் எண்ண வேண்டும். பழைய பியட்டில் மோதும்போது காக்கும் காற்றுப் பை இல்லை. பலவற்றில் பெல்ட்டும் இல்லை. டிரம் பிரேக் நிதானமாகத்தான் பிடிக்கும். மதுரையில் இருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் நால்வழிச் சாலையில் லாரிகளும் பஸ்களும் பறக்கின்றன. அந்த வேகத்துக்கு இந்தக் கார் செய்யப்படவில்லை. பெல்ட் பொருத்தி, நிதானமாக, பகலில் ஓட்டலாம். பந்தயக் குடும்பத்தில் பிறந்தது என்பதற்காகப் பந்தயம் விடக்கூடாது.

யார் வாங்கலாம்?

வீட்டில் அன்றாடத் தேவைக்கு வேறு வண்டி இருக்கிறவர் வாங்கலாம். கடன் இல்லாதவர் வாங்கலாம். ரிப்பேருக்கு என்று தனிப் பணம் வைத்திருக்கிறவர் வாங்கலாம். பியட் வேலை தெரிந்த மெக்கானிக்கை அறிந்தவர் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு வாங்குகிறவர் வாங்கலாம்.

அப்படி வாங்கினால் பழைய பியட்டைப் போல மகிழ்ச்சி தரும் கார் வேறு இல்லை. அதன் இன்ஜினைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடப் பையனுக்குக் கூட அப்பா காட்டித்தரலாம்: இது பிளக், இது கார்புரேட்டர், இது மின்விசிறி பெல்ட் என்று. விடுமுறை நாளில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து எண்ணெய் மாற்றலாம். குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு பொழுது சாயும் முன் வீடு திரும்பலாம்.

ஆனால் முற்றத்தில் நிறுத்தி ஊருக்குக் காட்டுவதற்காக மட்டும் வாங்கினால், கார் நின்றே கெடும். வாரம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும்.

லட்சம் கிலோ மீட்டர் ஓடிய கார் என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஓடவே இல்லை என்பதற்காக மகிழவும் வேண்டியதில்லை. யார் ஓட்டினார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று கேட்க வேண்டும். பிறகு வாங்குகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: "இதைப் பார்த்துக்கொள்ள என்னிடம் பணமும் நேரமும் இருக்கின்றனவா?"

மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்க்கிற கைக்கு, காரின் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பது பெரிய வேலையா என்ன?